மதீனாவின் சுப்ராவில்

ரமளானில் மதீனா முனவ்வராவுக்குச் செல்லும் நற்பேறு உங்களுக்குக் கிட்டுமானால், அஸர் தொழுகை முடிந்ததும் மஸ்ஜிதுன் நபவீயின் முற்றத்தில் சற்றே நின்று பாருங்கள். பெருங்குடைகளின் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சுப்ராக்கள் விரிந்துகொண்டே போகும். சிறுவர்கள் ஓடிவந்து உங்கள் கையைப் பற்றுவார்கள். முகமறியாத உங்களைத் தங்கள் விரிப்பில்தான் அமர்த்த வேண்டுமென்று பக்கத்து விரிப்புக்காரரோடு அன்புச் சண்டை பிடிப்பார்கள். நோன்பு திறக்க வைப்பவருக்கும் நோன்பாளிக்குரிய நன்மை உண்டென்னும் நபிமொழி அந்த ஊரார் நெஞ்சில் எழுதப்பட்டிருக்கிறது. பேரீச்சம்பழம், தயிர், ஷுரைக் எனும் ரொட்டி, தயிரில் தூவிக்கொள்ள ‘துக்கா’ எனும் மசாலாப் பொடி, ஜம்ஜம் நீர், ஏலம் மணக்கும் கஹ்வா. இதற்கு ஈடான விருந்து உலகில் வேறில்லை என்பேன்.

இந்த விருந்தின் முன்னே அஞ்சி அமர்ந்த ஒரு பெண்ணோடு 2024-ஆம் ஆண்டு ரமளானில் அங்கே தங்கியிருந்தேன். என் லாத்தாவின் மகள் அவள். அவளுக்குக் கோதுமை ஆகாது. ‘ஆகாது’ என்றதும் நம்மில் பலர் கத்தரிக்காய் ஆகாதவரைப் போல எண்ணிக்கொள்கிறோம். “ஒரு வாய் சாப்பிட்டால் என்ன வந்துவிடும்?” என்று வற்புறுத்துகிறோம். அது அப்படிப்பட்டதன்று. சிலியாக் எனப்படும் அந்த நோயுள்ளவர் கோதுமையையோ வாற்கோதுமையையோ உண்டால், அவற்றிலுள்ள குளூட்டன் எனும் புரதத்தைக் கண்டு உடலின் எதிர்ப்புச் சக்தி கொதித்தெழுந்து, தன் சிறுகுடலின் உட்சுவரையே அரித்துவிடுகிறது. உணவிலுள்ள சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரலிகள் மழுங்கிப் போகின்றன. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உட்சென்றாலே அந்தக் கேடு விளையும். ஒரு ரொட்டித் துண்டின் சிறு பொடியே அந்த அளவுக்குப் போதும்!

நம் பக்கத்தில் இந்நோய் அரிது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு இருப்பது தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கே இருக்கிறது. ஆகவே நம் உறவினர்க்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு. சவூதியிலோ நிலைமை வேறு. ரியாத் பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு ஒன்றரை விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கக் கண்டார்கள்.

இனி அந்தக் கிண்ணத்திற்கு வருகிறேன். நாங்கள் தங்கியிருந்த இடத்திற்கு அருகில் குடியிருந்த மதீனத்துப் பெண்மணி ஒருவர், ஒருநாள் எங்களை இஃப்தாருக்கு அழைத்தார். பேரீச்சம்பழத்திற்குப் பிறகு ஆவி பறக்கும் கிண்ணங்கள் வந்தன. குழைந்த தானியம், இறைச்சித் துணுக்குகள், மல்லித்தழை. நம் ஊர்ப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியே கடல் கடந்து வந்ததுபோல் இருந்தது. மருமகள் முகம் மலர்ந்து பாதிக் கிண்ணம் அருந்திவிட்டாள். நம் கஞ்சி அரிசியால் ஆனது. ஹிஜாஸ் வட்டாரத்தார் ரமளானில் காய்ச்சும் ‘ஷோர்பத் ஹப்’போ குற்றிய கோதுமையால் ஆனது. கரண்டியில் வந்த ஒரு மணியை விரலால் நசுக்கிப் பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள்.

இஷாவுக்கு முன்பே வாந்தி தொடங்கிற்று. வயிறு மத்தளமாய் உப்பியது; வயிற்றுப்போக்கு, தலைவலி, உடல் நடுக்கம். இரவு முழுவதும் லாத்தா அவளருகே விழித்திருந்தாள். வாசகச் சகோதரிகள் ஒன்றை நினைவில் வையுங்கள்: உட்சென்ற குளூட்டனை முறிக்கும் மருந்து ஏதுமில்லை. கடைகளில் விற்கும் செரிமான மாத்திரைகளை நம்பிப் பயனில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் குடிப்பதும், ஓய்வும், பொறுமையுமே மருந்து. வாந்தி நிற்காமலோ, இரத்தம் கலந்தோ போனால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அல்லாஹ்வின் கருணையால் எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. மறுநாள் நோன்பு வைக்க அவள் அடம் பிடித்தாள். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்க அல்லாஹ்வே சலுகை தந்திருக்க, அவளோ அன்று இரண்டுமாக இருந்தாள். உம்மாவின் சொல்லுக்கு இறுதியில் இணங்கினாள்.

உடலை விட உள்ளம் பட்ட பாடுதான் பெரிது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரவ்ளா ஷரீஃபில் தொழ ‘நுசுக்’ செயலியில் அவளுக்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ஊரில் இருந்தபோதே ஏங்கிக் காத்திருந்து பெற்ற நேரம் அது. ஒன்பது மணி அடித்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அழுகை, பிறகு கோபம், பிறகு, “என்னால் உங்கள் எல்லோருடைய பயணமும் கெட்டது சாச்சி” என்று ஓயாத மன்னிப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகும். குர்ஆனை விரித்தால் வரிகள் நிற்கவில்லை என்பாள். இந்த மூட்டமும் எரிச்சலும் நோயோடு வருபவையே, சில நாட்களில் விலகிவிடும் என்பதை அறியாத வீட்டார், “பெண்ணுக்குக் கோபம் அதிகம்” என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்!

வழக்கமாக நல்லமல் செய்துவந்தவர் நோயுற்றாலோ பயணம் போனாலோ, நலமாய் ஊரிலிருந்தபோது செய்ததற்குரிய கூலி அவருக்கு எழுதப்படுகிறது என்னும் நபிமொழியை லாத்தா மெல்லச் சொன்னாள். கேட்டுக்கொண்டாள், ஆனாலும் அழுதாள். அழட்டும் என்று விட்டோம். ஆறுதல் சொல்வதற்கும் அழவிடுவதற்கும் தனித்தனி வேளைகள் உண்டு.

நண்பகலில் அந்தப் பெண்மணி பதறியபடி வந்தார். கையில் பாலும் தேனும் சேர்த்துக் காய்ச்சிய தல்பீனா. நோயுற்ற நெஞ்சுக்கு இதம் தருவதாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த கஞ்சி. வாற்கோதுமையால் ஆனது! நபி நகரத்தில், நபி புகழ்ந்த உணவை எப்படி மறுப்பது? மருமகள் என்னைப் பார்த்தாள். எனக்கு உடும்புக் கறி பற்றிய செய்தி நினைவுக்கு வந்தது. முன்னே வைக்கப்பட்ட அதை நபி (ஸல்) அவர்கள் உண்ணவில்லை; தம் மக்களின் ஊரில் இல்லாத உணவாதலால் மனம் ஒப்பவில்லை என்று கூறினார்கள். ஹராம் என்றும் சொல்லவில்லை, பிறர் உண்பதைத் தடுக்கவுமில்லை. அதே விரிப்பில் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் உண்டார்கள். மறுப்பதற்கும் ஓர் அழகிய முன்மாதிரி நமக்கு இருக்கிறது.

நிலைமையை விளக்கியதும் அந்தப் பெண்மணி முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். நோன்பாளிக்குக் கொடுத்த கிண்ணம் நோயாயிற்றே என்ற வேதனை. அப்போது நடந்ததுதான் எனக்கு வியப்பு. முந்தைய இரவிலிருந்து யாராலும் தேற்ற முடியாதிருந்த மருமகள் எழுந்து உட்கார்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, தனக்குத் தெரிந்த சொற்ப அரபியில் அவரைத் தேற்றத் தொடங்கினாள்.

அச்சம் மட்டும் உடனே போகவில்லை. இரண்டு நாள் பேரீச்சம்பழமும் நீருமன்றி எதையும் தொட மறுத்தாள். பட்டினி கிடப்பது குடலை ஆற்றாது. ஊரிலிருந்து கொண்டுபோன சிறிய மின்சாரக் குக்கரை அவளே கழுவி, அவளே அரிசி களைந்து, அவள் கண் முன்னாலேயே கஞ்சி கொதித்தபோதுதான் கை நீண்டது. ஒருமுறை அறியாது உண்டதால் பல மாதக் கட்டுப்பாடு பாழாகிவிடாது, பழைய பத்தியத்திற்குத் திரும்பினால் குடல் ஆறிவிடும் என்று ஊர் மருத்துவர் தொலைபேசியில் சொன்னதும் உதவிற்று.

உங்கள் வீட்டிலும் இத்தகையவர் இருந்து உம்றாவுக்குப் புறப்பட்டால், ‘கம்ஹ்’ எனும் கோதுமையும் ‘ஷஈர்’ எனும் வாற்கோதுமையும் ஆகாதென்று அரபியில் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள். மந்தியும் புகாரிச் சோறும் அரிசிதான் என்றாலும், மசாலாவில் என்ன சேர்ந்திருக்கிறதென்று கேட்டறியுங்கள். சமூசா பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வேண்டாம். மால்ட் பானமும் வேண்டாம். நாம் கொண்டுசெல்லும் பொடியிலும் கவனம் தேவை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரே ஸஹனில் கூடி உண்பது நம் கடலோர ஊர்களின் பரக்கத்தான வழக்கம். ரொட்டி தொட்ட கைகள் அதில் படுமாதலால் அவருக்குத் தனித்தட்டு வையுங்கள். ஆனால் தனி மூலையில் அல்ல, உங்கள் தோளோடு தோளாக.

நான்காம் நாள் மாலை மருமகள் முற்றத்திற்கு வந்தாள். ஒரு சிறுமி கைப்பற்றி இழுத்துப்போன சுப்ராவில் அமர்ந்தாள். தன் டப்பாவைத் திறந்து பேரீச்சம்பழங்களை எடுத்து வைத்தாள். திறக்காத தயிர்க் கோப்பையை வாங்கிக்கொண்டாள். முன்னே வந்த ஷுரைக்கை, “ஜஸாக்கில்லாஹு கைரா” என்று சொல்லி, அருகிலிருந்த ஆப்பிரிக்க மூதாட்டியிடம் நகர்த்தினாள். பாங்கு ஒலித்தது.