மண் சுவருக்குப் பாய்

கனசாவா,
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில் பேசும்போது அம்மா ஒரு விஷயம் சொன்னாள். பீரோ மேலே இருக்கிற உங்கள் கணக்கு நோட்டுகளையெல்லாம் கட்டி பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று நீங்களே சொன்னீர்களாமே? போட்டுவிடாதீர்கள். காரணத்தை போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று நகமாச்சி போயிருந்தேன். கோட்டைக்கு மேற்கே, நடந்து போகிற தூரம்தான். சாமுராய்கள் குடியிருந்த தெரு. 1583இல் மயேதா வம்சத்தார் இந்தக் கோட்டைக்கு வந்தார்கள். அவர்களுடைய காகா நாட்டுக்குப் பத்து லட்சம் கொகு நாடு என்று பேர். ஒரு கொகு என்றால் ஏறக்குறைய 150 கிலோ அரிசி. ஒரு ஆளுக்கு ஒரு வருஷச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டார்கள். நிலத்தின் விளைச்சலைச் சொல்வதும் அதில்தான், சாமுராய்க்குச் சம்பளம் சொல்வதும் அதில்தான். இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர்மேல் குண்டு விழவில்லை. அதனால் சந்துகள் பழைய வளைவு நெளிவோடு அப்படியே இருக்கின்றன. ஓரத்தில் ஒரு வாய்க்கால் சலசலவென்று ஓடுகிறது.

இரண்டு பக்கமும் என் தலைக்கு மேலே உயர்ந்த மண் சுவர்கள். அடியில் கல் வரிசை, மேலே மழைத்தண்ணீர் வடிய சின்னக் கூரை. ஆனால் நேற்று மண்ணே கண்ணில் படவில்லை. சுவர் முழுக்க வைக்கோல் பாய் தொங்கவிட்டிருந்தார்கள். கோமோ என்கிறார்கள். டிசம்பரில் கட்டினால் மார்ச்சில்தான் அவிழ்ப்பார்கள். பனி வந்து ஒட்டி, ஈரம் மண்ணுக்குள் இறங்கி, அது உறைந்தால் சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடுமாம். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பாயின் ஓரத்தில் இரண்டு விரலை மெல்ல விட்டுப் பார்த்தேன். வெளியே பாய் சொதசொதவென்று இருந்தது. உள்ளே மண் காய்ந்து, சொரசொரவென்று, நம் வீட்டுக் குதிர் மாதிரி இருந்தது.

ஒரு சுவர் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். பனியில் நடந்தால் மரச்செருப்பின் அடிக்கட்டைகளுக்கு நடுவே பனி அடைத்துக்கொள்ளும். அதைத் தட்டி உதிர்க்கப் போட்ட கல்லாம் அது. வாளும் கையுமாக வந்த வீரன் ஒற்றைக் காலில் நின்று செருப்பைத் தட்டுகிற காட்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நொமுரா என்ற குடும்பத்தின் வீட்டுக்குள் போனேன். ஆயிரம் கொகுவுக்கு மேல் சம்பளம் வாங்கிய பெரிய குடும்பம். வாசலிலேயே கவசம் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய கடிதம். போரில் எதிரியை வெட்டி அவன் தலையைக் கொண்டுவந்து கொடுத்ததற்காக இந்தக் குடும்பத்து முன்னோர் ஒருவருக்கு வந்த நன்றிக் கடிதம் அது. மிகவும் மரியாதையான நடை, அப்பா. கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தவருக்கு எழுதியது போல இருந்தது.

ஆனால் அந்த வீடு நொமுராக்களுடையது இல்லை. 1871இல் ஜப்பான் முழுக்க இந்தக் குறுநில ஆட்சிகளை ஒழித்தார்கள். 1876இல் வாள் தரிக்கக் கூடாது என்றார்கள். அதே வருஷம் பரம்பரைச் சம்பளத்தையும் நிறுத்தி, கையில் கடன் பத்திரத்தைக் கொடுத்தார்கள். நொமுரா மாளிகையைப் பிரித்துவிட்டார்கள். சுவரும் தோட்டத்தில் கொஞ்சமும்தான் மிஞ்சின. இப்போது எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிற அந்த உள் அறை, ஹஷிதாதே என்ற கடற்கரை ஊரில் இருந்த கப்பல் வியாபாரி ஒருவருடைய வீட்டிலிருந்து பிற்பாடு கொண்டுவந்து பொருத்தியது. சாமுராய் வீடு பார்க்க வந்து வியாபாரி வீட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்படியானால் அவர்கள் எப்படித்தான் வாழ்ந்தார்கள்? அது ஒரு கணக்கு நோட்டில் கிடைத்திருக்கிறது. இனோயாமா என்று இந்த ஊர்ச் சாமுராய்க் குடும்பம் ஒன்று. அவர்களுடைய வேலை சண்டை இல்லை. தலைமுறை தலைமுறையாக காகா அரசாங்கத்தில் கணக்கு எழுதுவது. உங்கள் ட்ரெஷரி மாதிரிதான், மணிச்சட்டத்தோடு. 1842இலிருந்து 1879 வரை அந்த வீட்டு வரவு செலவு முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டு டோக்கியோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் இசோதா மிச்சிஃபுமி என்ற வரலாற்றாசிரியர் கையில் சிக்கியது. அவர் அதை வைத்து 2003இல் ஒரு புத்தகம் எழுதினார். 2010இல் சினிமாவும் வந்தது. ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்தான் அதைப் பற்றி எனக்குச் சொன்னார்.

1842இல் அந்த வீட்டுக் கடன், வருஷ வருமானத்தைப் போல இரண்டு மடங்கு! குடித்தோ சூதாடியோ வந்த கடன் இல்லை. சாமுராய் என்றால் வேலைக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். சொந்தபந்தத்துக்குச் சீர் செய்ய வேண்டும். ஒரு விசேஷம் விடக் கூடாது. அந்தஸ்துக்கு ஆன செலவு அது. கடைசியில் ஒருநாள் தீர்மானம் பண்ணி, மனைவியின் கிமோனோக்கள், தேநீர்ச் சாமான்கள் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தைக்கு ஒரு சடங்கு வந்தது. விசேஷம் என்றால் இங்கே நம் சங்கரா மீன் போலச் சிவப்பாக ஒரு கடல்மீன் தட்டில் இருந்தாக வேண்டும். வாங்கக் காசில்லை. மீனைப் படமாக வரைந்து வைத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு 1994 தீபாவளிதான் ஞாபகம் வந்தது. எனக்கும் தம்பிக்கும் மட்டும் துணி எடுத்தீர்கள். "உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தைக்கக் கொடுத்திருக்கேன்" என்றீர்கள். அந்தச் சட்டை வரவே இல்லை. பிறகு ஒரு விடுமுறையில் அந்த வருஷ நோட்டைப் புரட்டினேன். அக்டோபரில் பாட்டியின் ஆஸ்பத்திரிச் செலவு இருந்தது. நவம்பரில் துணி இரண்டு என்று இருந்தது, மூன்று இல்லை. அதை நான் உங்களிடம் இதுவரை கேட்டதில்லை.

இனோயாமா வீட்டுப் பிள்ளை ஒருவர் பிற்பாடு புது அரசாங்கத்தின் கடற்படையில் கணக்கு அதிகாரி ஆனார். வாளுக்கு வேலை போன காலத்தில் மணிச்சட்டத்துக்கு வேலை கிடைத்தது. தலையை வாங்கிக்கொண்டு எழுதிய நன்றிக் கடிதத்தைப் பத்திரமாகக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் ஒரு வீடு எப்படி நடந்தது என்று சொன்னது, யாரோ கடைக்குப் போட்ட கட்டுதானே?

அதனால் நோட்டுகளை பீரோ மேலேயே விட்டுவையுங்கள். பூச்சி அரிக்காமல் கொஞ்சம் வேப்பிலை போடச் சொல்லுங்கள் அம்மாவிடம். சித்திரையில் வருகிறேன், வந்து நானே வருஷ வாரியாக அடுக்கித் தருகிறேன்.

நேற்றைய கணக்கு: நொமுரா வீடு 550 யென், சூடாக டப்பா காபி 140, உறை பனிக்குக் கையுறை 1,200. மொத்தம் 1,890. கையுறை அநாவசியம் என்பீர்கள். வலது கை உறையை எங்கேயோ தொலைத்தும்விட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவள்