வலியை மறைத்த கை

லாஸ் ஏஞ்சல்ஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். பத்து வயதுப் பேரனுக்கு பேஸ்பால் பைத்தியம். நம் கிரிக்கெட் மாதிரிதான். ஆனால் பந்து தரையில் குத்தி எழும்பாது. 'பிட்சர்' என்பவர் மட்டைக்காரரை நோக்கி நேரே எறிவார். இவன்தான் அவர்கள் டீமின் பிட்சர்.

ஒரு நாள் காலை டம்ளரை இடது கையால் பிடித்துப் பால் குடித்தான். வலது கைக்காரனாயிற்றே!

"என்னடா கண்ணா, கையிலே என்ன?"

"முழங்கை வலிக்குது பாட்டி. அம்மாகிட்டே சொல்லிடாதே. சனிக்கிழமை மேட்ச் இருக்கு. கோஃபாக்ஸ் வலியோடதானே ஜெயிச்சார்?"

யார் அந்தக் கோஃபாக்ஸ்? பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டேன். 1965-ல் அவர் பள்ளிச் சிறுவனாம். உற்சாகமாய்ச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருஷம் 'வேர்ல்டு சீரீஸ்' பட்டத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸும் மின்னசோட்டா ட்வின்ஸும் மோதின. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவருக்குப் பட்டம். டாட்ஜர்ஸின் இடது கைப் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ். முதல் ஆட்டம் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று வந்ததால் அவர் ஆடவில்லை. டீம் தோற்றது. இரண்டாவதில் எறிந்தார்; அதுவும் தோல்வி. அப்புறம்தான் டாட்ஜர்ஸ் பிட்சர்களின் ராஜ்யம்! மூன்றாவதில் கிளாட் ஆஸ்டீன் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நாலாவதும் வெற்றி. ஐந்தாவதில் கோஃபாக்ஸும் ஒரு ரன் விடவில்லை. ஆறாவது ட்வின்ஸுக்கு. மூன்றுக்கு மூன்று!

கடைசி ஆட்டத்துக்கு முன் கோஃபாக்ஸுக்குக் கிடைத்த ஓய்வு இரண்டே நாள். முழங்கையிலோ மூட்டுவாதம். வளைந்து இறங்கும் பந்து அன்று சொன்னபடி கேட்கவில்லை. வேகப் பந்தையே நம்பி ஒன்பது இன்னிங்ஸும் தானே எறிந்தார். 2–0. பட்டம் டாட்ஜர்ஸுக்கு!

"பையன்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் சொல்லுங்கள்" என்றார் பெரியவர். ஆட்டம் முடிந்ததும் கோஃபாக்ஸ் முழங்கையை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். 1966-ல் 27 ஆட்டங்கள் வென்றவர், அந்த நவம்பரிலேயே, 30 வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டார். இன்னும் எத்தனையோ வருஷம் வாழவேண்டும், அதற்குக் கை வேண்டுமே என்பதுதான் காரணம்.

அன்று மாலை பேரனிடம் இதைச் சொல்லிவிட்டு, மகளிடமும் சொன்னேன். "சொல்லமாட்டேன்னு நினைச்சேன்!" என்று அழுதான்.

டாக்டர் பார்த்தார். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் மிருதுவான குருத்தெலும்பு இருக்குமாம். ஓயாமல் எறிந்தால் அது பாதிக்கப்படுமாம். நாலு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்றார். 'லிட்டில் லீக்' ஆட்டங்களில் இந்த வயதுக்காரர் ஒரு நாளைக்கு 75 பந்துக்கு மேல் எறியக்கூடாது. 66-ஐ எட்டினாலே நாலு நாள் ஓய்வு என்று விதி உண்டு. அங்கே எண்ணினார்கள். தினமும் கொல்லைப்புறச் சுவரில் எறிந்ததை நாங்கள் யாராவது எண்ணினோமா?

சனிக்கிழமை அவன் ஓரமாக உட்கார்ந்து பார்த்தான். டீம் தோற்றது. இரண்டு நாள் என்னோடு பேசவேயில்லை. மூன்றாம் நாள், "கோஃபாக்ஸும் அழுதிருப்பாரா பாட்டி?" என்று மடியில் வந்து படுத்தான்.

பிள்ளை கையை மாற்றி டம்ளரைப் பிடித்தால், சும்மா விட்டுவிடாதீர்கள். கேளுங்கள்.