மிச்சமிருக்கும் வேலைகள்

மூலநிரலுக்குள் கணினி படிக்காத வரிகள் உண்டு. நிரல் எழுதுகிறவர் தனக்கும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குமாக எழுதி வைக்கும் குறிப்புகள் அவை. அவற்றில் ஒரு வகை ‘டூடூ’ என்று தொடங்கும். இது செய்யப்பட வேண்டும், இன்னும் செய்யப்படவில்லை என்று பொருள். அப்பல்லோ 11 நிலவில் இறங்குவதற்கான நிரலில்கூட, இது தற்காலிகம்தான் என்று நம்புகிறேன் என மன்றாடும் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தத் தற்காலிகத்தோடுதான் 1969-ல் மனிதன் நிலவில் இறங்கினான்.

இக்குறிப்புகளைத் திரட்டக் கட்டளை வரி ஒன்று போதும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸன் 1973 வாக்கில் எழுதிய ‘கிரெப்’ என்னும் சிறு கருவி, கேட்ட சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். இன்றைய வடிவங்கள் அடைவுக்குள் அடைவாகப் புகுந்து, கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்துச் சொல்லும்.

வேலையை விட்டுப் போனவர்கள் எழுதிய ஒரு வட்டிக் கணக்கு நிரல் என்னிடம் வந்தது. பங்குனி அத்தத்தன்று கம்பர் சமாதியில் நடக்கும் விழாவுக்காக நாட்டரசன்கோட்டைக்குப் போயிருந்தபோது, வளவில் உட்கார்ந்து அந்தக் கட்டளையை ஓடவிட்டேன். 47 வரிகள் வந்தன. அவற்றில் ஒன்று: “லீப் ஆண்டுக்குப் பார்க்க வேண்டும்.” 366 நாள் உள்ள ஆண்டிலும் 365-ஆலேயே வகுத்துக்கொண்டிருந்தது நிரல். ஒரு நாள் வட்டி சிறு தொகைதான். ஆனால் கடன் வாங்கியவனுக்கு அது சிறு தொகையல்ல.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் அப்பத்தா கரித்துண்டால் சுவரில் எழுதியவை இன்னும் இருக்கின்றன. ‘ஓடு மாற்றணும்’ என்பது ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே. பங்காளிகள் பலருக்கு உரிய வீட்டில், யார் மாற்றுவது என்று அவள் எழுதவில்லை. குறிப்பின் பலமும் பலவீனமும் அதுதான். பழுதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் நடந்து போகிறவன் கண்ணில்தான் படும். கருவி செய்வதெல்லாம் நமக்காக எல்லாக் கட்டுகளிலும் நடந்துவிட்டு வருவதே.

நிரலை ஒப்படைக்குமுன் இக்குறிப்புகளை அழித்துவிடச் சொன்னார்கள். பார்க்கிறவர் முகம் சுளிப்பாராம். எனக்கு உ.வே.சா. நினைவுக்கு வந்தார். 1894-ல் வெளிவந்த புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவர் எண்களை நெருக்கி இடைவெளியை மூடவில்லை. சிதைந்த அடிகளில் புள்ளிகளை இட்டார். இல்லாததை இல்லை என்று காட்டுவதும் பதிப்பாசிரியனின் நேர்மை.

லீப் ஆண்டுக் கணக்கைத் திருத்திய பிறகே அந்த வரியை நீக்கினேன். மற்ற 46-ஐயும் பட்டியலாக்கி, நிரலோடு சேர்த்தே கொடுத்தேன். முகம் சுளித்தார்கள்தான். குறிப்பை அழிப்பது எளிது. அழித்த பிறகு வேலை மட்டும் அங்கேயே இருக்கும், அதைச் சொல்ல ஆளிருக்காது.