தாத்தா கேட்ட கேள்வி

முதியோருடன் அமர்ந்து பொழுது போக்குவது என்றால் நம்மில் பலருக்குக் கசப்பு. "சொன்னதையே சொல்வார்கள், அறிவுரை கூறத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள்" என்று குறை கூறுகிறோம். நானும் அவ்வாறு கூறியவள்தான். அந்த எண்ணம் மாறிய கதையை மன்றத்துத் தோழர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் ஊர் ஊரிகம். கோலார் தங்கவயலுக்குக் குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் என் தாத்தாவின் தந்தை. தாத்தா 1962இல், பத்தொன்பது வயதில், சுரங்கத்தில் இறங்கினார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மறு ஆண்டு நான் பிறந்தேன். நான் அறிந்த ஊர் துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும், காற்றடித்தால் தூசு பறக்கும் சயனைடு மேடுகளும்தான். "எந்த ஊர்?" என்று கல்லூரியில் கேட்டால் "பெங்களூருக்குப் பக்கம்" என்று சொல்லிவிடுவேன். ஊரைச் சொல்ல எனக்கு வெட்கம்.

பாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு பாட்டைப் பற்றி அடிக்கடி சொல்வார். சுரங்கத்தில் இறந்தவர்களுக்காக லைன் வீட்டுப் பெண்கள் பாடிய ஒப்பாரி அது. "எழுதிக்கிறியா கண்ணு?" என்று இருமுறை கேட்டார். "தேர்வு முடியட்டும் பாட்டி" என்றேன் இருமுறையும். தேர்வு முடிந்தது, பாட்டி இல்லை. அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் எங்கள் வரிசையில் இன்று ஒருவரும் இல்லை. என்னால் ஈடு செய்ய முடியாத இழப்பு அது.

கடந்த கோடை விடுமுறைக்கு ஊர் சென்றேன். சுரங்கம் மூடிய பின் எங்கள் ஊரார் பிழைப்பது பெங்களூர் வேலையால்தான். அப்பா விடியுமுன் ரயிலேறினால் இருட்டிய பின்தான் திரும்புவார். பகலெல்லாம் தாத்தா தனியே வாசலில் உட்கார்ந்திருப்பார். பாட்டிக்குச் செய்யாததை இவருக்காவது செய்வோம் என்று நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். கடமைக்காகத்தான் உட்கார்ந்தேன், அன்பால் என்று பொய் சொல்லமாட்டேன்.

முதல் நாளே ஒரு பெருமை பேசினார். "பெங்களூருக்கு முன்னாடியே எங்களுக்குக் கரண்டு வந்துது, தெரியுமா?" வழக்கமான முதியோர் பெருமை என்று நினைத்தேன். ஆயினும் அறிவியல் மாணவி அல்லவா? நூலைப் புரட்டினேன். சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தது 1902இல். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல். தாத்தா வென்றார்.

எப்போதும் அவர் வெல்லவில்லை. சாம்பியன் சுரங்கம் மூன்று மைல் ஆழம் என்றார். நூலில் அது இரண்டு மைல், அதாவது மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். "நீ நூலைப் பார்த்தே, நான் கூண்டிலே இறங்கினேன். இறங்கினவனுக்கு மூணு மைல்தான்" என்று சிரித்தார். அடியில் பாறையைத் தொட்டால் கை சுடும் என்றார். அது உண்மை. பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் ஏறும்; அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். பாறை வெடிப்பதற்கு முன் முட்டுக் கொடுத்த மரம் முனகுமாம். எந்த முனகலுக்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம் என்பதைக் காதால் கற்றிருக்கிறார்கள். டிரில் எந்திரத்தின் இரைச்சலில் அந்தக் காது இப்போது பாதி மந்தமாகிவிட்டது. எனக்கு உரக்கப் பேசும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு நாள் என் பாடநூலில் இருந்த ஒரு செய்தியை அவரிடம் சொன்னேன். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை 1965இல் முதன்முதல் கண்ட இடங்களுள் ஒன்று நம் தங்கவயல். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் சேர்ந்து சாம்பியன் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக் கண்டார்கள்.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பெட்டி வெச்ச ஐயாமாருங்களா? கேள்விப்பட்டிருக்கேன். மேலேயிருந்து வர்றதைப் பிடிக்கிறாங்கன்னு பேசிக்குவாங்க. வானத்திலேருந்து வர்றதைப் பிடிக்க எதுக்குப் பாதாளத்துக்கு இறங்கணும்னு நாங்க சிரிப்போம். ஏன் கண்ணு, எதுக்கு?"

அறுபது ஆண்டுகளாக அவரிடம் இருந்த கேள்வி! யாரும் அவருக்கு விடை சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. நான் சொன்னேன்: "வானத்திலிருந்து பலவகைத் துகள்கள் கொட்டுகின்றன தாத்தா. மேலே நின்றால் அத்தனையும் கருவியில் விழும். பாறை மற்றவற்றைத் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் எதையும் துளைத்துக்கொண்டு கீழே வரும்."

"சல்லடை மாதிரி" என்றார்.

"ஆமாம், இரண்டு கிலோமீட்டர்ச் சல்லடை."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நாங்க தோண்டினது தங்கத்துக்கு மட்டும் இல்லேன்னு சொல்லு" என்றார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு முதியவர்கள் மூவரை அவரே அழைத்து வந்தார். "சொல்லு கண்ணு, இவங்களுக்கும் சொல்லு" என்றார். லைன் வீட்டு வாசலில் நான் இயற்பியல் பாடம் நடத்தினேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் வகுப்பில்கூட அவ்வளவு திணறியதில்லை. ஒருவர், "எதையும் துளைச்சுப் போறது பெட்டியிலே மட்டும் எப்படிம்மா மாட்டும்?" என்றார். சரியான கேள்வி! கோடியில் ஒன்று எப்போதாவது பாறையில் மோதும், மோதியதில் பிறக்கும் வேறொரு துகளே கருவியில் படும் என்று விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது.

தோழர்களே, நான் கொடுக்கப் போனேன், பெற்றுக்கொண்டு திரும்பினேன். நூலில் ஒரு வரியாக இருந்த ஆராய்ச்சிக்குப் பின்னால், அந்தப் பாதாளத்துக்கு வழி வெட்டிய ஆயிரக்கணக்கான தமிழ்க் கைகள் இருந்தன என்பதைக் கண்டேன். அவற்றுள் என் தாத்தாவின் கையும் ஒன்று. இப்போது யாரேனும் என் ஊரைக் கேட்டால், "ஊரிகம்" என்று சொல்கிறேன்.

விடுமுறை வருகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார்; நெசவோ, கழனியோ, தேயிலைத் தோட்டமோ அவர் அறிந்த உலகமாக இருக்கும். "நலமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து விடாதீர்கள். என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் நூலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். "எழுதிக்கிறியா?" என்று அவர்களே கேட்டால் அப்போதே எழுதிவிடுங்கள். தேர்வு முடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.