பச்சைமலையில் படித்த பாடம்

பத்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாசம் பச்சைமலைக்குப் போகிற பஸ்ஸில் மறுபடி பாடம் படித்தேன் என்றால் சிரிப்பீர்கள்!

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, விடியற்காலையிலேயே ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் என் பெண்ணும் கிளம்பினோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி துறையூர். அங்கிருந்து சோபனபுரம் வழியாக மலைப்பாதை. பெண் காலேஜில் சரித்திரம் படிக்கிறாள். "நான் ஒப்பிக்கிறேன், நீ சரிபாரும்மா" என்று புஸ்தகத்தை என் மடியில் வைத்தாள்.

இங்கிலாந்துப் பாடம். 1348-ல் அங்கே கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக ஜனங்கள் மாண்டார்கள். படித்த பாதிரிமார்களும் குறைந்துபோனார்கள். 1382-ல் வின்செஸ்டரில் ஒரு பிஷப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். 70 ஏழைப் பையன்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். எட்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள் சேர்த்து லத்தீன் சொல்லிக்கொடுத்தார்களாம்.

நம்பெருமாள் ஊர் ஊராகப் போய் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-ல். சின்ன வயசில் பாட்டி சொன்ன கதை. 'அட, அதே காலமா!' என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பெண் குழந்தைகளை எங்கே சேர்த்தார்கள்?" என்று கேட்டேன்.

"அந்தப் பள்ளியில் பெண்களைச் சேர்த்ததே 2022-லதாம்மா."

கணக்குப் போட்டேன். 640 வருஷம்!

டாப் செங்காட்டுப்பட்டியில் இறங்கியதும் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. சுற்றிலும் மரவள்ளித் தோட்டம். இங்குள்ளவர்களை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையில் வாழ்கிற தமிழர்கள். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்.

தண்ணீர் கேட்ட வீட்டில் வேகவைத்த கிழங்கும் கிடைத்தது. வீட்டுக்காரப் பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். "மூத்தவ எட்டாவது முடிச்சிட்டா அக்கா. போதும், நிறுத்திடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு."

எனக்குச் சுருக்கென்றது. மலைப் பிள்ளைகளுக்காகவே அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இங்கே இருக்கின்றனவே! பஸ்ஸில் படித்ததை அப்படியே அவளிடம் சொன்னேன். "அந்த ஊர்ல சோறு போட்டுப் படிக்க வெச்சாங்க, ஆனா ஆம்பளைப் பிள்ளைக்கு மட்டும்தான். இங்கே உன் பொண்ணுக்கும் சேர்த்துத்தான் சோறு போடறாங்க. கிடைக்கிறதை விடாதேம்மா. என்னை நிறுத்தினாங்க, அந்த வருத்தம் இன்னும் போகலை."

அவள் ஒன்றும் பேசவில்லை. கதவோரம் நின்ற சின்னப் பெண் என்னையே பார்த்தாள். கிளம்பும்போதுதான் தாய், "அவங்க அப்பாகிட்ட நானே பேசறேன் அக்கா" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் என் பெண் தூங்கிவிட்டாள். புஸ்தகம் என் மடியிலேயே இருந்தது. அடுத்த பாடம் 1455-ல் தொடங்கிய ரோஜாப் பூச் சண்டை. துறையூர் வருவதற்குள் பாதி படித்துவிட்டேன்.