உள்ளான் வேட்டையும் ஒரு செட்டர் நாயும்

முஸ்லிம் வீட்டிலே நாயா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். 1960களில் மாவடிப்பள்ளியில் எமது வீட்டுக்கு வந்தவர்களும் அவ்வாறே வியந்தனர். தாய்நாடு திரும்பிய தோட்டத்துரை ஒருவர் விட்டுச்சென்ற செட்டர் நாயின் குட்டியொன்று எமது வாப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு ராஜா என்று பெயரிட்டோம்.

செட்டர், இங்கிலாந்தில் உருவான பறவைவேட்டை நாய். வலைவீசிப் பறவை பிடித்த காலத்திலேயே அவ்வினத்துக்கு வேலை இருந்தது. பறவையின் மணம் பட்டதும் அது குரைக்காது; பாயாது; உடலைத் தாழ்த்தி அசைவற்றிருக்கும். அந்த அமைதியே வேடனுக்குச் சைகை.

எமது வட்டைகளில் அதற்கேற்ற இரை உள்ளான். சைபீரியாவிலே குஞ்சு பொரிக்கும் ஊசிவால் உள்ளான்கள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இலங்கைக்கு வந்து, ஏப்ரல் அளவில் திரும்புகின்றன. சேற்றில் நீண்ட அலகைச் செருகி இரை தேடும் அவை, வைக்கோலின் நிறத்தோடு நிறமாய் ஒடுங்கியிருக்கும். காலடி நெருங்கியதும் திடீரெனக் கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். எமது கண்களுக்குத் தப்பியவை ராஜாவின் மூக்குக்குத் தப்பியதில்லை.

பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்ததை உண்ணத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் அனுமதிக்கின்றது. அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவவேண்டும்; நாய் எசமானுக்காகவே பிடிக்கவேண்டும்; தான் தின்னலாகாது. ராஜா அடிபட்ட பறவையை மெல்லக் கவ்விவந்து வாப்பாவின் காலடியில் வைப்பான். உயிர் இருக்கும்போதே வாப்பா அறுத்துவிடுவார். ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் வாய்நீர் பட்டதை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும். ஆதலால் உம்மா அவனுக்கெனத் தனிச்சட்டி வைத்திருந்தார். வாசற்படியைத் தாண்டாதிருக்க அவனும் கற்றுக்கொண்டான். உம்மா அவனைத் தொட்டதில்லை. ஆனால் அவனுக்குச் சோறிடாமல் தாம் உண்டதுமில்லை.

எட்டு ஆண்டுகள் சென்றன. ராஜாவின் பின்கால்கள் தளர்ந்தன, மூக்கும் மங்கிற்று. வேட்டைக்கு உதவாத நாயை முஸ்லிம் வைத்திருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடும்படி உறவினர் சிலர் கூறினர். உம்மா ஒன்றும் பேசவில்லை. சட்டியை மட்டும் எடுத்துக் கழுவி வைத்தார்.

வாப்பா இரண்டு நாள் யோசித்தார். பின்னர், நபிமொழி விலக்களித்திருப்பது வேட்டை நாய்க்கு மட்டுமன்று, கால்நடையையும் பயிரையும் காக்கும் நாய்க்கும்தான் என்று கூறி, ராஜாவை வயல்வாடிக்கு அழைத்துச் சென்றார். வேட்டையில் வாய்திறவாதவன் பன்றி வரும் இரவுகளில் குரைக்கத் தொடங்கினான். உம்மாவின் சோறு நாள்தோறும் வயற்காரர் கையில் வாடிக்குச் சென்றது. இரண்டு போகம் காவலிருந்து அங்கேயே கண்மூடினான். வரம்போரத்து மருதமரத்தின் கீழ் அவனைப் புதைத்தோம்.

இன்று மிகச் சில இனங்கள் நீங்கலாக இலங்கையின் பறவைகளைச் சட்டம் காக்கின்றது. அது நன்றே. உள்ளான்கள் ஆண்டுதோறும் வரட்டும். உழைத்துக் களைத்த ஓர் உயிரைக் கைவிடாமலிருக்க மார்க்கத்தினுள்ளேயே வழிதேடிய வாப்பாவைத்தான் அவற்றைக் காணுந்தோறும் நாம் நினைத்துக்கொள்கிறோம்.