அப்பத்தாவின் மனு

விடிவதற்கு முன்பே எங்கள் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். போடிமெட்டுக்கு அப்பால் விளைந்த ஏலக்காய் கீழிறங்கி ஏலத்துக்கு வந்தால், அன்றே விலை தெரிந்துவிடும். அந்தக் காயைத் தரம் பிரித்தே முதுமையைக் கழிக்கும் என் அப்பத்தாவின் மனுவுக்கு மட்டும் மூன்று ஆண்டுகளாகப் பதில் தெரியவில்லை.

தாத்தா ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்டோம். பணிப்பதிவேட்டில் அப்பத்தாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். எழுதியது அலுவலகம், அலைவது அப்பத்தா! "கோப்பு மேலே போயிருக்கிறது" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை. இல்லை என்று சொல்லியிருந்தாலாவது மேல்முறையீடு செய்யலாம். ஒன்றுமே சொல்லாதவரை எதிர்த்து எங்கே போவது?

நூலகத்தில் தேடியபோது, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே விடை கிடைத்தது. கேரள அரசுக்கும் பத்மநாபன் நாயர் என்பவருக்கும் நடந்த வழக்கு அது. 1973 மே மாதம் ஓய்வு பெற்றவருக்கு 1975 ஆகஸ்டில்தான் ஓய்வூதியம் கிடைத்தது. சில சான்றுகள் வரவில்லை என்பது காரணம். அவையோ அரசின் பதிவேடுகளைப் பார்த்து அரசே தர வேண்டியவை! ஓய்வூதியம் அரசு இரங்கி அளிக்கும் கொடையன்று, ஊழியரின் உரிமை, சொத்து. குற்றமான தாமதத்துக்கு வட்டி தந்தாக வேண்டும் என்று 1984 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். பெரும்பாலும் நீதிமன்றம் தானே ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுத் தருவதில்லை. இத்தனை வாரத்துக்குள் முடிவு சொல் என்று அதிகாரிக்கு ஆணையிடுகிறது. அந்த முடிவு பாதகமாகவும் அமையலாம். ஆயினும் காரணம் எழுத்தில் வந்துவிடும். அதையும் கேள்வி கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன்.

"சர்க்கார் மேலயா கேஸ் போடுறது? உங்க தாத்தா உப்பைத் தின்ன எடம்டா அது" என்று பதறினாள்.

"சண்டைக்குப் போகல அப்பத்தா, பதில் கேக்கத்தான் போறோம்."

நெடுநேரம் வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பதில் கேக்குறது தப்பில்ல" என்றாள்.

அடுத்த வாரம் இருவரும் மதுரைக்குப் புறப்படுகிறோம். 2004 முதல் அங்கேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது.

நண்பர்களே! உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஒரு மனுவின் நகல் மடித்துக் கிடக்கலாம். எடுத்து, அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்.